மாற்றிப் பூட்டும் துப்பாக்கி: திருச்சித் தொழிற்சாலையும் நம் ராணுவமும்

கொச்சியில் வாழும் நமக்கு ராணுவம் தூரத்து விஷயம் அல்ல. மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில்தான் கடற்படையின் பீரங்கிப் பயிற்சி நிலையமான ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா இருக்கிறது. தோப்பும்படிப் பாலம் தாண்டினால் தென்பிராந்தியக் கடற்படையின் தலைமையகம். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் பிள்ளைகள் படையில் சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே "ராணுவத்துக்குப் புதிய ரைபிள்" என்று பத்திரிகையில் செய்தி வந்தால் நாம் அதைப் புரட்டிவிட்டுப் போவதில்லை.

அப்படிச் செய்தி வரும்போதெல்லாம் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி எழுகிறது. "திருச்சியில் அவ்வளவு பெரிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறதே, பிறகு ஏன் அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் போக வேண்டும்?" என்பதே அது. நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நான் ஆயுத நிபுணன் அல்லன்; ரயில்வே பட்டறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமோக்காரன். ஆனால் துப்பாக்கியும் ஓர் இயந்திரம்தான். அளவு, பொருத்தம், உலோகம், பராமரிப்பு என்று பார்த்தால் ரயில் பெட்டிக்கும் அதற்கும் பொதுவான சங்கதிகள் பல உண்டு. அந்த வழியிலேயே விளக்க முயல்கிறேன்.

துப்பாக்கி இயங்கும் விதம்

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. முன்னால் குண்டு, பின்னால் பித்தளைக் கூடு, கூட்டுக்குள் வெடிமருந்து, அடியில் தட்டினால் பற்றும் சிறு மூடி. விசையை இழுத்ததும் ஊசி மூடியைத் தட்டுகிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் இருப்பதால் குண்டு சுழன்றுகொண்டே போகிறது. பம்பரம் போல நிலைத்து நிற்கிறது.

தானியங்கித் துப்பாக்கியில் இதோடு இன்னொரு வேலை நடக்கிறது. குழலில் உள்ள சிறு துளை வழியாக வாயுவில் ஒரு பகுதி வெளியே வந்து பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன் போல்ட்டைச் சுழற்றித் திறக்கிறது. காலிக் கூடு வெளியே தெறிக்கிறது. ஸ்பிரிங் போல்ட்டை முன்னே தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே போகிறது. இத்தனையும் ஒரு நொடியில் பத்து முறை நடக்கக்கூடியது. தூசி, சேறு, பனி, வியர்வை எல்லாவற்றுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான முறை பிசகாமல் நடக்க வேண்டும். பிசகினால் அது பழுது மட்டும் அல்ல. எதிரே ஆள் நிற்கிறான்.

மிக்ஸியும் ஜாரும்

"மாடுலர்" என்று சொல்லப்படும் அமைப்பை நம் வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம். மிக்ஸியில் மோட்டார் ஒன்றுதான். சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார், மிளகாய்ப் பொடிக்கு ஒரு ஜார். மாற்றிப் பூட்டினால் வேலை மாறுகிறது. ரயில்வேயிலும் இதுவே வழக்கம். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 1955 முதல் வந்த பெட்டிகளில் அடிப்படைக் கூடும் போகியும் ஒரே குடும்பத்தவை. உள்ளே படுக்கை வைத்தால் ஸ்லீப்பர், அடுப்பு வைத்தால் பேன்ட்ரி.

துப்பாக்கியில் இதே எண்ணத்தைச் செயல்படுத்தினால், ஒரே உடற்பகுதியில் நீளக் குழல் பூட்டினால் இலகு இயந்திரத் துப்பாக்கி, குட்டைக் குழல் பூட்டினால் கார்பைன். பின்கட்டையை மடக்கலாம், கழற்றலாம். மேலே வரிப்பள்ளம் வெட்டிய பட்டையில் தொலைநோக்கியோ இரவுக் கண்ணாடியோ பொருத்தலாம். அந்தப் பட்டைக்கு 1995-ல் அமெரிக்க ராணுவம் ஓர் அளவு நிர்ணயித்தது; இன்று பெரும்பாலான நாடுகள் அந்த அளவையோ அதை ஒட்டியதையோதான் பின்பற்றுகின்றன.

ஆனால் வேறு கம்பெனி ஜார் நம் மிக்ஸியில் உட்காராது என்பது இல்லத்தரசிகளுக்குத் தெரியும். துப்பாக்கியில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. போல்ட்டின் முகத்துக்கும் குழலின் அறைக்கும் இடையே தோட்டா உட்காரும் இடைவெளி மில்லிமீட்டரின் சிறு பின்னத்துக்குள் சரியாக இருக்க வேண்டும். அதிகமானால் கூடு கிழியும். குறைந்தால் போல்ட் பூட்டாது. குழலை மாற்றிய பிறகும் இந்த இடைவெளி மாறாமல் இருக்கவேண்டும் என்றால், போல்ட் நேரடியாகக் குழலின் பின்முனையிலேயே பூட்டிக்கொள்ளும்படி வடிவமைக்க வேண்டும். அத்துடன் ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு போல்ட்டும் அளவுக் கேஜ் வைத்துச் சோதித்து வெளியே வர வேண்டும். மாற்றிப் பூட்டும் துப்பாக்கியின் பெருமை வரைபடத்தில் பாதிதான். மீதிப் பாதி தொழிற்சாலையின் கேஜ் அறையில் இருக்கிறது.

தோட்டாவின் எண்கள்

செய்திகளில் வரும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கதை விளங்கும். 5.56×45 என்றால் குழல் விட்டம் 5.56 மி.மீ., பித்தளைக் கூட்டின் நீளம் 45 மி.மீ. நம் ராணுவத்தில் பேசப்படுபவை மூன்று.

முதலாவது 7.62×51. பெரிய தோட்டா, ஏறத்தாழ 24 கிராம் எடை. தூரம் அதிகம், அடி பலம், உதையும் பலம். இரண்டாவது 5.56×45. எடை சுமார் 12 கிராம். அதாவது, ஒரே சுமையில் ஜவான் இரண்டு மடங்கு தோட்டா எடுத்துச் செல்லலாம். மூன்றாவது ரஷ்யர்களின் 7.62×39. ஏ.கே. துப்பாக்கியால் உலகெங்கும் பரவியது. நடுத்தர தூரத்துக்கும் புதர்க் காட்டுக்கும் ஏற்றது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குண்டையும் சேர்த்து அளந்தால் 5.56×45, 7.62×39 இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், 57 மி.மீ. சுமார். 7.62×51 மட்டும் 71 மி.மீ. எனவே முதல் இரண்டையும் ஒரே உடற்பகுதியில் குழலும் போல்ட்டும் மேகசினும் மாற்றிச் சுடலாம். பெரிய தோட்டாவுக்கு உடற்பகுதியே நீளமாக வேண்டும். இந்தச் சாதாரணக் கணக்குத்தான் பின்னால் வரும் பல முடிவுகளுக்குக் காரணம்.

வெளிநாட்டு அனுபவம்

அமெரிக்க வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனர் 1963-ல் ஒரே உடற்பகுதியிலிருந்து ரைபிள், கார்பைன், இயந்திரத் துப்பாக்கி என மூன்றும் அமைக்கும் முறையைக் கொண்டுவந்தார். வியட்நாமில் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் பிரிவினர் பயன்படுத்தினார்கள். ஆனால் பொதுப் படைக்கு அது போய்ச் சேரவில்லை. பராமரிப்பு நுணுக்கம் அதிகம். ஆஸ்திரியா 1977-ல் ஏற்றுக்கொண்ட ஸ்டெயர் ரைபிள் குழலை நொடிகளில் கழற்றும் வசதியுடன் வந்து வெற்றி பெற்றது. ஆஸ்திரேலியாவும் அதைத் தன் நாட்டிலேயே செய்துகொண்டது.

2004-ல் அமெரிக்கச் சிறப்புப் படைகள் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்து "ஸ்கார்" ரைபிளைத் தேர்ந்தெடுத்தன. 5.56-க்கு ஒன்று, 7.62×51-க்குச் சற்றுப் பெரிதாக ஒன்று. பல பாகங்கள் இரண்டுக்கும் பொது. ஆனால் 2010-ல் 5.56 வகையை இனி வாங்குவதில்லை என்றும் பெரிய வகை போதும் என்றும் முடிவு செய்தார்கள். கையில் ஏற்கெனவே நல்ல 5.56 ரைபிள் இருந்ததே காரணம். நல்ல வடிவம் என்பது ஒன்று, படை அதை ஏற்பது என்பது வேறு என்பதற்கு இது உதாரணம்.

இன்சாஸ் குடும்பம்

நம் நாட்டுக்கு வருவோம். 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் கையில் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்கும் .303 ரைபிள். அதன்பின் இஷாப்பூரில் செய்த 7.62×51 எஸ்.எல்.ஆர். வந்தது. உறுதியான துப்பாக்கி, ஆனால் நீளம், கனம், ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்தபோது, தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே அதன் குறை நன்றாகவே தெரிந்தது.

அதற்கு மாற்றாகப் புனேயில் உள்ள ஏ.ஆர்.டி.இ. ஆராய்ச்சி நிலையம் 1980-களில் வடிவமைத்ததுதான் இன்சாஸ். எண்ணம் நல்ல எண்ணம். 5.56×45 தோட்டாவில் ரைபிள், இலகு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் என ஒரே குடும்பம். உள்ளே ஏ.கே. போலப் பிஸ்டனும் சுழலும் போல்ட்டும். வாயு அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு எஸ்.எல்.ஆர். வழி வந்தது. தோட்டா எத்தனை மீதி என்று தெரிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மேகசின். தோட்டா வீணாகாமல் இருக்க, ஒரே இழுப்பில் மூன்று குண்டுடன் நிற்கும் அமைப்பு. இஷாப்பூர், கான்பூர், திருச்சி மூன்று இடங்களிலும் உற்பத்தி. 1966-ல் தொடங்கிய திருச்சித் தொழிற்சாலைக்கு இது பெரிய வேலை. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது.

தாமதம் துப்பாக்கியால் மட்டும் வரவில்லை. தோட்டாவும் புதிது. காலிபர் மாற்றம் என்பது ரயில்வேயில் கேஜ் மாற்றம் போன்றது. புனலூர் முதல் செங்கோட்டை வரை மீட்டர் கேஜ் பாதையை 2010-ல் மூடினார்கள். 2018-ல்தான் அகலப்பாதை முழுவதும் திறந்தது. தண்டவாளம் மட்டும் மாற்றினால் போதாது. பாலம், சுரங்கம், வளைவு எல்லாம் மாற வேண்டும். அதுபோலவே தோட்டா உற்பத்தி, கிடங்கு, பயிற்சி எல்லாம் மாற வேண்டியிருந்தது. உள்நாட்டுத் தோட்டா போதாமல் இஸ்ரேலிலிருந்து இறக்குமதி செய்தார்கள். இடைக்காலத்துக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏ.கே. வகைகளும் வந்தன. 1998 குடியரசு தின அணிவகுப்பில் இன்சாஸ் மக்கள் பார்வைக்கு வந்தது.

மறு ஆண்டே கார்கில். பதினாறாயிரம் அடிக்கு மேல் உறைபனியில் அந்தப் பிளாஸ்டிக் மேகசின்கள் சில விரிசல் விட்டன. சுடுபவர் முகத்தில் எண்ணெய் தெறிப்பதாகவும் புகார் வந்தது. பிளாஸ்டிக்குகள் பல, குளிரில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை கொண்டவை. மேகசினின் உதட்டில் விரிசல் விட்டால் தோட்டா கோணலாக ஏறும், துப்பாக்கி நின்றுவிடும். முழு ரைபிளின் விலையில் அந்தக் கூடு ஒரு சிறு பங்குதான். ஆனால் ஒரு பிள்ளையின் உயிர் அந்த விரிசலில் தொங்குகிறது. பட்டறையில் நாங்கள் பயிற்சியாளர்களுக்குச் சொல்வது இதுதான்: ரயில் நிற்பதும் ஓடுவதும் பெரிய எஞ்சினில் இல்லை, சின்னக் காட்டர் பின்னில் இருக்கிறது.

2005-ல் நேபாள ராணுவமும் இன்சாஸ் மீது குறை சொன்னது. சரியாகக் கையாளவில்லை என்று நம் தரப்பில் பதில் சொன்னார்கள். பின்னர் திருத்திய வகைகள் வந்தன. குட்டைக் குழலும் முழுத் தானியங்கி வசதியும் கொண்ட "எக்ஸ்காலிபர்" என்ற வடிவமும் வந்தது. ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். குடும்பத்தின் மூன்றாவது பிள்ளையான கார்பைன் படையில் இடம் பிடிக்கவே இல்லை.

2011 டெண்டரும் அதன் முடிவும்

2011-ல் ராணுவம் ஒரு புதுமையான கோரிக்கை வைத்தது. ஏறத்தாழ 66,000 ரைபிள்கள் வேண்டும், ஒவ்வொன்றும் 5.56×45 சுட வேண்டும், குழலை மாற்றினால் 7.62×39-ம் சுட வேண்டும். எல்லையில் ஒன்று, தீவிரவாத எதிர்ப்புப் பணியில் மற்றொன்று என்பது எண்ணம். மேலே சொன்ன 57 மி.மீ. கணக்கு இதற்கு இடம் கொடுத்தது. இத்தாலி, செக், இஸ்ரேல், அமெரிக்கா என்று பெரிய கம்பெனிகள் போட்டியிட்டன. புனே ஏ.ஆர்.டி.இ.யும் சும்மா இருக்கவில்லை. 5.56, 7.62×39, 6.8 என்று மூன்று அளவுக் குழல்களை ஏற்கும் ரைபிளைச் செய்து 2014-ல் டெல்லி ராணுவக் கண்காட்சியில் வைத்தது.

2015-ல் டெண்டரையே ரத்து செய்தார்கள். வீண் வேலை என்று பலர் ஏசினார்கள். ஆனால் ஜவானின் இடத்திலிருந்து பார்த்தால் சிக்கல்கள் விளங்கும். இரண்டாவது குழல், இரண்டாவது போல்ட், இரண்டாவது வகை மேகசின் எல்லாவற்றையும் யார் சுமப்பது? குழலை மாற்றினால் குறி சற்றே நகரும். மறுபடி சுட்டுப் பார்த்துச் சரிசெய்ய மைதானமும் தோட்டாவும் வேண்டும். இருட்டில், அவசரத்தில், ஒரு வகைக் குழலுக்கு மற்ற வகைத் தோட்டா கலந்துவிட்டால் ஆபத்து. மிக்ஸி ஜாரை மேடையில் வைத்து மாற்றலாம். மலைச் சரிவில் மாற்றுவது வேறு.

திருச்சியின் வித்வம்சக்

அப்படியானால் மாற்றிப் பூட்டும் எண்ணமே தவறா? இல்லை. எங்கே பொருந்தும் என்பதற்குத் திருச்சியிலேயே சான்று இருக்கிறது.

பதுங்குகுழி, ரேடார், இலகு கவச வண்டி, எரிபொருள் தொட்டி இவற்றைத் தொலைவிலிருந்து அழிக்கும் கனரக ரைபிள்களை நாம் தென் ஆப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டிருந்தோம். பேரத்தில் லஞ்சம் என்ற குற்றச்சாட்டு எழுந்து 2005-ல் அந்த நிறுவனத்துடன் வியாபாரம் நிறுத்தப்பட்டது. (தடை 2018-ல் நீங்கியது.) அந்த வெற்றிடத்தில் திருச்சித் தொழிற்சாலை உருவாக்கியதுதான் வித்வம்சக். "அழிப்பவன்" என்று பொருள். எல்லைப் பாதுகாப்புப் படை அதை ஏற்றுக்கொண்டது.

இது 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று அளவுகளில் சுடும். மாற்றவேண்டியவை குழல், போல்ட், மேகசின், தொலைநோக்கி ஆகிய நான்கு. ஏன் இந்த நான்கு என்று இப்போது வாசகர்களே சொல்லிவிடலாம். குண்டின் விட்டம் மாறுவதால் குழல். கூட்டின் அடிப்பாகம் மாறுவதால் போல்ட். தோட்டாவின் உருவம் மாறுவதால் மேகசின். குண்டு பறக்கும் வளைவு மாறுவதால் தொலைநோக்கி. களத்திலேயே ஒரு நிமிட அளவில் மாற்றிவிடலாம் என்கிறார்கள்.

இங்கே இது பொருந்தக் காரணம் உண்டு. இது கையால் போல்ட்டை இழுக்கும் துப்பாக்கி; வாயுவின் அளவைப் பற்றிய கவலை இல்லை. தனி ஆள் தூக்கி ஓடும் ஆயுதமும் அல்ல; பயிற்சி பெற்ற குழுவின் ஆயுதம். எந்த இலக்கு என்று தெரிந்துகொண்டு, தேவையான குழலை மட்டும் எடுத்துப் புறப்படலாம். தவிர, மூன்று தனித்தனித் துப்பாக்கிகளுக்குப் பதில் ஒரே உடற்பகுதி என்பதால் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் மிச்சம்.

இதே தொழிற்சாலை 7.62×39 தோட்டாவுக்கு "திருச்சி அசால்ட் ரைபிள்" என்று ஊர்ப் பெயரோடு ஒரு துப்பாக்கியும் செய்கிறது. காவல் படைகளுக்கு அது போகிறது.

இன்றைய நிலை

டெண்டர் ரத்தான பின்னும் எல்லை காத்திருக்கவில்லை. 2019 பிப்ரவரியில் முன்னணிப் படைகளுக்காக 72,400 சிக் 716 ரைபிள்களை அமெரிக்காவிடம் வாங்க ஒப்பந்தம் ஆனது. இது 7.62×51. 2024-ல் மேலும் ஏறத்தாழ 73,000-க்கு ஒப்பந்தம். மற்ற படையினருக்காக ரஷ்யாவின் ஏ.கே. 203, 7.62×39. உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டத்துக் கொர்வாவில் கூட்டுத் தொழிற்சாலை 2019-ல் தொடங்கியது. 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ரைபிள்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 ஜூலைக்குள் 35,000 ரைபிள்கள் படையிடம் சேர்ந்ததாக அறிவித்தார்கள்.

கவனித்தீர்களா? ஒரே துப்பாக்கியில் இரண்டு தோட்டா என்று கேட்ட ராணுவம், கடைசியில் இரண்டு தோட்டாவுக்கு இரண்டு துப்பாக்கி என்று தீர்த்துக்கொண்டது. ஆனால் மேல் பட்டை, நீளம் மாற்றக்கூடிய பின்கட்டை, தொலைநோக்கி பூட்டும் வசதி ஆகியவை இரண்டிலும் உண்டு. மாடுலர் எண்ணத்தில் ஜவானுக்கு உபயோகமான பகுதி நின்றது. சுமையான பகுதி உதிர்ந்தது.

கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு இனி விடை சொல்லலாம். திருச்சியில் தொழிலாளர் திறமை இல்லாததால் அல்ல. வித்வம்சக் அதற்குச் சாட்சி. என் கருத்தில் காரணங்கள் மூன்று. என்ன தோட்டா என்று படையே நெடுங்காலம் மாறி மாறி முடிவு செய்தது. வடிவமைப்பது ஓர் ஊர், செய்வது வேறு ஊர், பயன்படுத்துவது மூன்றாம் இடம் என்று இருந்ததால் குறை திரும்பிவந்து திருத்தமாக மாற ஆண்டுகள் பிடித்தன. மூன்றாவதாக, மேகசின் போன்ற சிறு பாகங்களுக்குப் பனியிலும் மணலிலும் போதிய சோதனை முன்கூட்டியே நடக்கவில்லை.

2021 அக்டோபர் 1 முதல் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு அரசுக் கம்பெனிகளாகப் பிரிந்துவிட்டது. திருச்சி இப்போது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் இருக்கிறது. அதே கம்பெனி கொர்வாவிலும் பங்குதாரர். இனி ஆர்டர் தானாக வராது. விலையிலும் தரத்திலும் போட்டி போட்டு வாங்க வேண்டும். அங்கே வேலை செய்யும் நம்மவர்களின் பிழைப்பும் அதில் இருக்கிறது.

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் மெக்கானிக்கல் டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் படிக்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கே மதிப்பு என்று எண்ணிச் சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேஜைக் கையில் பிடித்து, ஒரு மேகசினின் உதடு அளவு தப்பினால் "இது போகாது" என்று திருப்பி அனுப்பும் ஆள் இல்லாமல் எந்த நாடும் நல்ல துப்பாக்கி செய்ததில்லை. அந்த மேகசினைப் பூட்டிக்கொண்டு பனிமலையில் நிற்பவன் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அளவைச் சரியாகப் பார்ப்பது சின்ன வேலை அல்ல.